ஈயம் பூசிய தோட்டா

தோற்றுப்போன துப்பாக்கித் தோட்டாக்களைப் பற்றி எழுதப்போகிறோம் என்றால் இந்தப் பக்கத்தின் வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கவிதையும் நாவலும் பேசும் இடத்தில் வெடிமருந்துக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. நாம் பேச விரும்புவது போரைப் பற்றியோ வேட்டையைப் பற்றியோ அன்று. தொலைவில் நிறுத்திய காகிதத்தில் ஒரே துளைக்குள் மீண்டும் மீண்டும் குண்டைச் செலுத்த முயலும் குறிசுடுதல் என்னும் விளையாட்டைப் பற்றி. அதிலும் குறிப்பாக, அந்த விளையாட்டில் தோல்வியடைந்த சோதனைகளையும், அத்தோல்விகளை மறைக்காமல் எழுதி வைத்த இரண்டு மனிதர்களின் உரைநடையையும் பற்றி. ஒரு துறை தன் தோல்விகளை எப்படி எழுதுகிறது என்பதும் இலக்கியக் கேள்விதான் என்பது நம் துணிபு.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பேச்சில் நாம் குண்டு என்றும் தோட்டா என்றும் ஒன்றையே குறித்து விடுகிறோம். ஈழத்தமிழில் சன்னம் என்றொரு நல்ல சொல் உண்டு. பறந்து செல்லும் அந்த உலோகத்துண்டை மட்டும் அது குறிக்கும். இங்கே நாம் பறப்பதைக் குண்டு என்றும், குண்டு, மருந்து, மருந்துக்குத் தீமூட்டும் கேப், இவை மூன்றையும் தாங்கும் பித்தளைக் கூடு ஆகியவை சேர்ந்த முழுமையைத் தோட்டா என்றும் சொல்வோம். கூட்டின் கழுத்து குண்டைக் கவ்விப் பிடித்திருக்கிறது. கேப் தீப்பொறி தர, மருந்து எரிந்து வாயுவாக, அழுத்தம் ஏறி, கழுத்து சற்றே விரிந்து குண்டை விடுவிக்கிறது. குண்டு குழலின் உட்புறத் திருகு வரிகளில் பதிந்து சுழன்றபடி வெளியேறுகிறது. நான்கே உறுப்புகள், ஆயினும் நூற்றைம்பது ஆண்டுகளாக மனிதர்கள் இந்த நான்கையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலானவை வீண்போயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில், ஜெர்மானியக் குடியேறிகள் வளர்த்த ஷூட்ஸன் போட்டிகளில், இந்த நான்கு உறுப்புகளில் ஒன்றைத் தோட்டாவிலிருந்தே பிரித்துவிட்டார்கள். ஹாரி போப் என்ற குழல் செய்வினைஞர் பரப்பிய முறை அது. குண்டைக் குழலின் வாய்ப்புறமிருந்து இறக்குவார்கள். மருந்து நிறைந்த கூட்டை மட்டும் பின்புறமிருந்து செருகுவார்கள். இரட்டை வேலைதான். ஆனால் காரணம் இருந்தது. மெல்லிய ஈயக்குண்டைப் பின்னாலிருந்து வரிகளுக்குள் தள்ளினால் வழித்தெடுக்கப்படும் ஈயம் அதன் அடிப்பகுதியில் மீன்செதில் போல நீட்டிக்கொண்டு நிற்கும். வாயிலிருந்து இறக்கினால் அடிப்பகுதி பழுதின்றித் தட்டையாக இருக்கும். 1901-ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்தின் பௌல்டரில் சி. டபிள்யூ. ரோலண்ட் என்பவர் 200 கெஜத் தொலைவில் பத்துக் குண்டுகளை 0.725 அங்குலத்துக்குள் அடக்கினார். அந்தக் காலத்துக் கருவிகளை எண்ணினால் நம்பக் கடினமான எண். ஆயினும் முதல் உலகப் போருக்குப் பின் அந்தப் போட்டிகள் தேய, அந்த முறையும் தேய்ந்தது. துல்லியமில்லாததால் தோற்றதன்று, அதற்கு வேண்டிய பொறுமை அற்றுப்போனதால் தோற்றது.

அடிப்பகுதி ஏன் முக்கியம் என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியவர் டாக்டர் ஃபிராங்க்ளின் மான். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்ஃபோர்டில் வாழ்ந்தவர், மருத்துவம் படித்தவர், கோழித்தீவனத்துக்காகப் பச்சை எலும்பை நறுக்கும் இயந்திரம் செய்து விற்றவர். கைக்கு வந்த பொருளையும் நேரத்தையும் குண்டுகளின் பறத்தலை ஆராய்வதில் கழித்தார். மனிதக் கையின் நடுக்கம் கணக்கைக் கெடுக்காதிருக்க, குழலைப் பொருத்த அசையாத கற்காரைத் தாங்கி ஒன்றை அமைத்து அதற்கு ஜிப்ரால்டர் பாறையின் பெயரை வைத்தார். வழிநெடுகக் காகிதத் திரைகளை நிறுத்திக் குண்டு எங்கே சாய்கிறது, எங்கே நேராகிறது என்று துளைகளை அளந்தார். பிறகு அவர் செய்ததுதான் வியப்பு. நல்ல குண்டுகளைத் தாமே பாழாக்கினார். சிலவற்றின் முனையைச் சிதைத்தார். சிலவற்றின் அடிப்பகுதியைச் சரித்து அராவினார். முனை சிதைந்தவை பெரும்பாலும் குறிக்கு அருகிலேயே சென்று சேர்ந்தன. அடி பழுதானவை திசைமாறிப் போயின. குழலின் வாயை விட்டு நீங்கும் கணத்தில் பின்னால் பீறிடும் வாயு, சரிந்த அடியை ஒருபக்கமாகத் தள்ளிவிடுவதே காரணம்.

1909-இல் அவர் வெளியிட்ட ‘தி புல்லட்ஸ் ஃப்ளைட் ஃப்ரம் பவுடர் டு டார்கெட்’ என்னும் நூல் எளிதில் படிக்கத்தக்கதன்று. முன்னுக்குப் பின் தாவும். ஒரே சோதனையைப் பலமுறை சுற்றி வரும். நல்ல பதிப்பாசிரியர் ஒருவர் கையில் கிடைத்திருந்தால் பாதியாகச் சுருங்கியிருக்கும். ஆனால் அப்படிச் சுருங்காதிருந்ததற்காக நாம் மகிழ்கிறோம். ஏனெனில் முதலில் வெட்டப்பட்டிருக்கக்கூடியவை தோல்விகளே. ஒரு கருதுகோளை எடுக்கிறார், அதற்கேற்பக் குண்டும் குழலும் செய்விக்கிறார், சுடுகிறார், கருதுகோள் பொய்க்கிறது, பொய்த்தது என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகிறார். புலம்பலும் இல்லை, பெருமிதமும் இல்லை. நம் மொழியில் அறிவியல் நூல்கள் வராமலில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வென்றவர் வரலாறுகள். எடிசன் ஆயிரம் முறை தோற்றார் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு விளக்கு எரிந்த நாளுக்குத் தாவிவிடுகிறோம். அந்த ஆயிரத்தில் ஒன்றேனும் எப்படித் தோற்றது, எந்த இழை எங்கே கருகியது என்று நாம் கேட்பதே இல்லை.

இனி நாம் சொல்ல வந்த கதைக்கு வருவோம். அது 1921-ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரியில் நடந்தது. 1907 முதல் அமெரிக்காவின் தேசியக் குறிசுடும் போட்டிகளுக்குப் பெயர்பெற்ற களம் அது. படைவீரர்களும் பொதுமக்களும் ஒன்றாக வரிசையில் படுத்துச் சுடுவார்கள். ஆண்டுதோறும் அந்தப் போட்டிக்கென்றே தனியாகத் தோட்டா செய்யும் பொறுப்பு அரசின் படைக்கல ஆலைகளுக்கு இருந்தது. பிலடெல்ஃபியாவின் ஃபிராங்ஃபோர்ட் ஆலை அவற்றுள் தலையாயது. அக்காலத்தில் அதன் பொறுப்பில் இருந்தவர் டவுன்சென்ட் வீலன். படை அதிகாரி, புகழ்பெற்ற துப்பாக்கி எழுத்தாளரும்கூட.

அவர்களுக்கு ஒரு பழைய தலைவலி இருந்தது. 1906-இல் ஏற்கப்பட்ட தோட்டாவின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,700 அடி வேகத்தில் சென்றது. ஈயம் அந்த வேகத்தைத் தாங்காது என்பதால் குண்டுக்குச் செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தில் மேலுறை போட்டிருந்தார்கள். அந்த உறை குழலின் உட்புறத்தில், முக்கியமாக வாய்க்கு அருகில், கட்டிகட்டியாகப் படிந்தது. பத்து இருபது குண்டு சுட்டதும் துல்லியம் கெட்டுவிடும். அதைக் கரைக்க அம்மோனியா கரைசலைக் குழலில் ஊற்றி ஊறவைக்க வேண்டும். கவனம் பிசகினால் குழலே அரித்துப்போகும். ஆகவே சுடுநர்கள் தாமே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். கெட்டியான கிரீஸ் டப்பா ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குண்டையும் அதில் தோய்த்த பிறகே துப்பாக்கியில் ஏற்றினார்கள். படிவு குறைந்தது. பதினைந்து ஆண்டுகளில் அது வழக்கமாகி, வழக்கம் கிட்டத்தட்டச் சடங்காகிவிட்டது.

1921-இல் ஃபிராங்ஃபோர்ட் ஆலை இந்த நோய்க்கு மூலமருந்து கண்டதாக எண்ணியது. வெள்ளீயம் சேர்ந்தால் செம்புப் படிவு உதிர்ந்துவிடும் என்பதை முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கிகளில் பயன்படுத்தி அறிந்திருந்தார்கள். அதையே குண்டின் மேல் மெல்லிய பூச்சாகப் பூசினால் என்ன? பூசினார்கள். முடிவு மிக நன்றாக இருந்தது. குழலில் படிவு இல்லை. துல்லியமோ குறைசொல்ல முடியாதது. அந்த ஆண்டின் போட்டிக்கு அந்தத் தோட்டாவே அனுப்பப்பட்டது. சுடுநர்கள் அதற்கு இட்ட பட்டப்பெயர் தகர டப்பா. கிரீஸ் இனித் தேவையில்லை, தடவவும் கூடாது என்று எச்சரிக்கையும் தரப்பட்டது.

இங்கே நம் வாசகர்களுக்கு ஒரு சொந்த அறிவு உதவும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். தெருவில் துருத்தி வைத்துப் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுத் துணியால் ஒரு சுழற்றுச் சுழற்றினால் பித்தளை வெள்ளியாகும். அதன்பின் அந்த ஈயத்தைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், தானாகப் பிரியாது. பித்தளைக்கும் வெள்ளீயத்துக்கும் அப்படியொரு ஒட்டுறவு. இப்போது தோட்டாவை எண்ணிப் பார்க்கவும். கூட்டின் கழுத்து பித்தளை. அது இறுகக் கவ்வியிருக்கும் குண்டின் மேல் வெள்ளீயம். காய்ச்சவில்லை, நவச்சாரமும் இல்லை. ஆயினும் இறுக்கமும் நாள்களும் போதுமானவையாக இருந்தன. பெட்டிக்குள் கிடந்தபடியே குண்டு கூட்டோடு பற்றவைத்தாற்போல ஒட்டிக்கொண்டுவிட்டது. கூட்டிலிருந்து குண்டைப் பிடுங்க வழக்கத்தைவிடப் பன்மடங்கு விசை வேண்டியிருந்தது.

இதுவும்கூடத் தனியே ஆபத்தாகவில்லை. சுடும்போது கழுத்து விரிந்தால் ஒட்டு விடும், குண்டு போய்விடும். ஏராளமான தோட்டாக்கள் அப்படிக் கேடின்றிச் சுடப்பட்டன. கழுத்து விரிவதற்குத் துப்பாக்கியின் அறைச்சுவருக்கும் அதற்கும் இடையே மயிரிழை இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் கிரீஸ் புகுந்து நிரம்பிவிட்டால்? கிரீஸ் அமுங்காது, ஒதுங்கவும் அந்தக் கணத்தில் வழியில்லை. கழுத்து விரிய மாட்டாது, ஒட்டு விடாது, குண்டு நகராது. மருந்தோ எரிந்துகொண்டே இருக்கிறது. மேலும் கூட்டின் உடம்பிலும் கிரீஸ் இருந்தால் அது அறைச்சுவரைப் பற்ற முடியாமல் வழுக்கிப் பின்னால் இருக்கும் தாழின்மேல் முழுவிசையோடு மோதும். கேம்ப் பெர்ரியில் எச்சரிக்கையை மீறிச் சிலர் வழக்கம்போல் கிரீஸில் தோய்த்தார்கள். துப்பாக்கிகள் சில சிதறின.

இதற்குள் இன்னொரு பழைய பிழையும் ஒளிந்திருந்தது. அந்த ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகளின் ரிசீவர், அதாவது குழலையும் தாழையும் சேர்த்துப் பிடிக்கும் எஃகு உறுப்பு, 1918 வரை ஒற்றைப் பதம் போடும் முறையில் செய்யப்பட்டது. எஃகு பழுத்த நிறத்தைக் கண்ணால் பார்த்தே வெப்பத்தை மதிப்பிட்டார்கள் தொழிலாளர்கள். வெயில் நாளில் ஒரு கணிப்பு, மேகமூட்டத்தில் இன்னொரு கணிப்பு. சில ரிசீவர்கள் கண்ணாடிபோல் நொறுங்கும்படி ஆயின. 1917-இல் சில வெடித்த பிறகே இது கண்டறியப்பட்டு முறை மாற்றப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் ஏறத்தாழ 8 இலட்சத்துக்குக் கீழான தொடரெண், ராக் ஐலண்டு ஆலையில் 2,85,507-க்குக் கீழான தொடரெண் கொண்டவை ஐயத்துக்குரியவை என்பது துப்பாக்கி சேகரிப்போர் இன்றும் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு.

இந்தக் கதையை நாம் அறிவது ஜூலியன் ஹேட்சர் எழுதியதால். அமெரிக்கப் படைக்கலத் துறையில் பணியாற்றி மேஜர் ஜெனரலாக உயர்ந்தவர். 1947-இல் வந்த அவருடைய ‘ஹேட்சர்ஸ் நோட்புக்’ பெயருக்கேற்ப ஒரு குறிப்பேடுதான். இலக்கண சுத்தமான நடை, ஒரு வரியில் ஒரு செய்தி, அலங்காரம் கிடையாது. 1917 முதல் 1929 வரை சிதறிய ரிசீவர்களைப் பட்டியலிட்டிருக்கிறார். தாம் பணிபுரிந்த துறையின் தவறுகளை, அத்துறையின் சீருடையணிந்து ஓய்வுபெற்றவர், தொடரெண்ணோடு அச்சேற்றுகிறார். நம் சூழலில் ஒரு பாலமோ நீர்த்தேக்கமோ பழுதுற்றால் அதைக் கட்டிய துறையின் பொறியாளர் ஒருவர் பிற்காலத்தில் இப்படி எழுதுவதை எண்ணிப் பார்க்கிறோம். எண்ணத்தான் முடிகிறது.

ஹேட்சரிடம் நாம் போற்றுவது துணிச்சலை மட்டுமன்று. ‘எச்சரித்தோம், மீறினார்கள், வெடித்தது’ என்று முடித்திருக்கலாம். சட்டப்படி அது போதும். அவர் அங்கே நிற்கவில்லை. ஏன் வெடித்தது என்று கேட்டார். எண்ணெயும் கிரீஸும் அழுத்தத்தை எப்படி மாற்றுகின்றன என்பதை ஆராய்ந்தார். கழுத்தின் இடைவெளியில் கிரீஸ் நிரம்புவதே வினை என்ற விளக்கத்துக்கு வந்தார். வெள்ளீயம் குற்றவாளி அன்று. கிரீஸும் குற்றவாளி அன்று. இரண்டும் சேர்ந்ததே குற்றம்.

நாம் ஒருபடி மேலே போக விரும்புகிறோம். இந்தத் தோல்வியில் பழி யாரைச் சேரும் என்ற வழக்கில், துப்பாக்கி உலகில் பொதுவாகச் சொல்லப்படுவது கீழ்ப்படியாத சுடுநர்களின் பிடிவாதமே காரணம் என்பது. நாம் அதை ஏற்கவில்லை. அந்த கிரீஸ் டப்பா அவர்கள் கைக்கு எப்படி வந்தது? ஆலை செய்த செம்பு-நிக்கல் உறையின் குறையைத் தாங்களே சமாளிக்க அவர்கள் கண்ட வழியல்லவா அது? பதினைந்து ஆண்டுகள் அரசு தீர்க்காத நோய்க்கு அவர்கள் கைவைத்தியம் செய்துகொண்டார்கள், அது பலித்தது, அதனால் கோப்பைகளும் வென்றார்கள். திடீரென ஒரு கோடைகாலத்தில் ‘நோய் தீர்ந்தது, மருந்தை எறியுங்கள்’ என்றால் எறிவார்களா? போட்டிக்கு நிற்பவன் வென்ற நாளில் அணிந்த சட்டையைக்கூட மாற்றத் தயங்குவான். தோட்டாவை வடிவமைத்தவர்கள் உலோகத்தைக் கணக்கில் எடுத்தார்கள், மருந்தை எடுத்தார்கள், வேகத்தை எடுத்தார்கள். அதை ஏற்றப்போகும் கையின் பழக்கத்தை மட்டும் ஓர் அறிவிப்பால் துடைத்துவிடலாம் என்று நம்பினார்கள். சுடுநர்கள் அறியாச் சிறுவர்கள் அல்லர், தேர்ந்தவர்கள், தெரிந்தே மீறினார்கள் என்ற எதிர்வாதத்தின் வலுவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தேர்ந்தவர்களிடம்தான் பழக்கம் மிக ஆழமாக வேரோடியிருக்கும். புதிதாகக் கற்பவன் பெட்டியின்மேல் அச்சிட்டதைப் படிப்பான்.

தகர டப்பா அந்த ஆண்டோடு போயிற்று. அடுத்த ஆண்டே வேறு வழி பிறந்தது. செம்பில் சிறிது துத்தநாகம் சேர்ந்த கலவையை மேலுறையாக்கினார்கள். அந்த உலோகம் மிகவும் மென்மையானது, உயர்ந்த வேகத்தைத் தாங்காது என்று அதுவரை ஒதுக்கி வைத்திருந்தார்கள். தாங்கியது. பழைய கட்டிப் படிவும் ஒழிந்தது. விடை கையருகிலேயே இருந்திருக்கிறது. சோதிக்காமலே தள்ளிவைத்த ஒரு நம்பிக்கைதான் இடையில் நின்றது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நமக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன.

பிற்காலத் தோல்விகளைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்ல முடியவில்லை. காரணம் அவற்றைப் பற்றி ஹேட்சர்கள் எழுதவில்லை. சில வேடிக்கையானவை. பி. ஓ. ஆக்லி என்ற அமெரிக்கத் துப்பாக்கி வினைஞர், பெரிய விலங்குகளுக்கான .378 வெதர்பி தோட்டாவின் பருத்த கூட்டை எடுத்து, அதன் கழுத்தை .22 அளவுக்கு நெரித்து, நொடிக்கு 5,000 அடி வேகத்தைத் தொட முயன்றார். யானைப் பானையில் ஊசிமூக்கு வைத்தாற்போல. ஏறத்தாழ 4,600 அடியோடு நின்றுவிட்டது. காதைப் பிளக்கும் பேரொலியன் என்று பொருள்படும்படி அதற்கு ஒரு கோமாளிப்பெயரையும் இட்டார்கள். தோல்வியைத் தோல்வியென்று முன்பே தெரிந்து சிரித்துக்கொண்டு செய்தவர்மேல் நமக்கு மரியாதை உண்டு. டெய்சி நிறுவனம் 1968-இல் கூடே இல்லாத தோட்டாவை விற்றது. மருந்து குண்டின் பின்னால் ஒட்டியிருக்கும், அழுத்திய காற்றின் வெப்பமே அதற்குத் தீமூட்டும். அது காற்றுத்துப்பாக்கி அன்று, சட்டப்படி சுடுகலனே என்று அரசு கொண்டதும், அடுத்த ஆண்டே உற்பத்தி நின்றது.

ரெமிங்டன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் கொணர்ந்த ஈட்ரானெக்ஸ் மட்டும் சற்று நின்று பார்க்கத்தக்கது. விசையை இழுத்த பிறகு ஊசி ஓடிச்சென்று கேப்பைத் தாக்கச் சில மில்லி நொடிகள் ஆகின்றன. அதற்குள் கை அசையும். ஊசியின் ஓட்டமே துப்பாக்கியை அதிரச்செய்யும். குறிசுடுவோரின் தீராக் கவலை அது. ரெமிங்டன் ஊசியை ஓடவிடாமல் நிறுத்திவிட்டது. கட்டையின் பின்புறம் 9 வோல்ட் பேட்டரி. விசையை இழுத்தால் அசையாத ஊசி வழியே மின்சாரம் பாய்ந்து, அதற்கெனச் செய்த கேப்பைப் பற்றவைக்கும். தாமதம் கிட்டத்தட்டப் பூச்சியம். கருத்தளவில் குறையில்லாத தீர்வு. 2003-இல் கைவிடப்பட்டது.

ஏன்? நம் கருத்து, அது 1921-இன் பிழையேதான். துல்லியத்தை நாடும் சுடுநர்கள் பெரும்பாலும் கடையில் தோட்டா வாங்குவதில்லை. வெற்றுக்கூட்டை மீண்டும் மீண்டும் தாமே நிரப்புகிறவர்கள். மருந்தின் எடையையும் கேப்பின் வகையையும் மாற்றி மாற்றித் தம் குழலுக்கு இசைந்த கலவையைத் தேடுவதே அவர்களுக்குப் பாதி இன்பம். அவர்களிடம் ஒரே ஒரு நிறுவனம் மட்டுமே செய்யும், விலைகூடிய, வேறெந்தத் துப்பாக்கியிலும் பயன்படாத கேப்பைக் கொடுத்தால் கைகட்டிப்போட்டது போலாகும். மேலும் அத்துப்பாக்கி வந்த அளவுகள், .22-250, .220 ஸ்விஃப்ட், .243 ஆகியவை. துல்லியப் போட்டிகளில் வென்றுகொண்டிருந்த தோட்டாக்கள் இவை அல்ல. துல்லியத்தை விளம்பரம் செய்துவிட்டு, துல்லியத்துக்காகவே வாழ்பவர்கள் பக்கம் திரும்பாமல் போனதை என்னவென்பது? இந்தத் தோல்வியின் கதையைச் சொல்ல எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அன்றைய விளம்பரங்களும் பத்திரிகை மதிப்புரைகளுமே. உள்ளேயிருந்த ஒருவர் எழுதிய குறிப்பேடு இருந்திருந்தால் நாம் இப்படி வெளியே நின்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அந்தப் போட்டிகளை அப்போது ஆண்டுகொண்டிருந்தது எது? 1950-இல் மைக் வாக்கர் ரெமிங்டனுக்காக வடிவமைத்த .222 தோட்டா கால் நூற்றாண்டு கோலோச்சியது. 1970-களின் நடுவில் அதை வீழ்த்தியவர்கள் நிறுவனத்தார் அல்லர். லூ பால்மிசானோ என்ற அறுவை மருத்துவரும் ஃபெரிஸ் பிண்டெல் என்ற அச்சுக்கருவி வினைஞரும் சேர்ந்து செய்தது பி.பி.சி. தோட்டா. சோவியத் ஒன்றியத்தில் ஓடும் மான் உருவைச் சுடும் போட்டிக்காகப் பிறந்த ஒரு சிறு கூட்டை எடுத்தார்கள். உடலைக் குட்டையாக, பருமனாக, தோளைச் செங்குத்தாக மாற்றினார்கள். சிறிய கேப், அதைவிடச் சிறிய தீத்துளை. அன்றிலிருந்து எண்ணற்ற பேர் அதை மிஞ்ச முயன்றிருக்கிறார்கள். இன்னும் குட்டையாக, இன்னும் பருமனாக, இன்னும் மெல்லிய குண்டோடு. குறுந்தொலைவுக் குழுப் போட்டிகளில் அது இன்றுவரை முன்வரிசையில் நிற்கிறது. ஏன் அந்த வடிவம் மட்டும் இவ்வளவு நன்றாகச் சுடுகிறது என்பதற்குக் குட்டையான மருந்துப் பத்தி சீராக எரிகிறது என்ற விளக்கம் சொல்லப்படுகிறது. எல்லாரும் அதை ஏற்பதில்லை. மிஞ்ச முயன்று தோற்ற அத்தனை பேரும் மானைப் போலத் தம் துளைகளை அளந்து எழுதி வைத்திருந்தால் விடை இந்நேரம் கிடைத்திருக்கலாம். பெரும்பாலோர் எழுதவில்லை, தோற்ற குழலை விற்றுவிட்டு, மறுவாரம் பி.பி.சி.யோடு களத்துக்கு வந்துவிட்டார்கள்.

வெள்ளீயத்தின் கதை மட்டும் 1921-இல் முடியவில்லை. குண்டின் மேல் பூசியதுதான் பிழை, அதன் குணத்தில் பிழையில்லை என்று கண்டவர்கள், 1920-களில் அதை மருந்துக்குள்ளேயே கலந்தார்கள். டூபான்ட் நிறுவனத்தின் சில மருந்துகளில் இரண்டு, நான்கு விழுக்காடு வெள்ளீயம் இருந்தது. அங்கே அது பித்தளையைத் தொட்டு ஒட்டிக்கொள்ள வாய்ப்பில்லை. எரிந்து குழலுக்குள் பரவித் தன் வேலையைச் செய்துவிட்டுப் போனது. இன்றும் துப்பாக்கி மருந்துகள் சிலவற்றில் செம்புப் படிவை நீக்குவதற்கென்றே ஒரு சேர்மானம் இருக்கிறது. அதை வாங்கி ஊற்றுகிறவர்களில் எத்தனை பேர் ஹேட்சரின் அந்தப் பக்கங்களைப் புரட்டியிருப்பார்களோ, தெரியாது. புரட்டாதவர்களுக்கும் அந்த மருந்து ஒழுங்காகவே எரிகிறது.